மூன்றாவது சரணம்

தையல்கடைக்கு அளவு கொடுக்க வருகிற பெண்களில் பாதிப் பேர் அந்தக் கேள்வியைக் கேட்காமல் போனதில்லை. அளவு நாடா தோளில் விழும்போதே ஆரம்பித்துவிடுவார்கள்.

"நீங்கதானே அந்த 'உடைந்த படகு' பாட்டு பாடினவங்க? மூணாவது சரணம் வரும்போது எனக்கு இப்பவும் உடம்பெல்லாம் சிலிர்த்துப்போகும்."

அவள் உதட்டில் குண்டூசிகளைக் கவ்வியபடி தலையாட்டுவாள். ஊசிகளை எடுத்த பிறகு, முப்பத்தோரு வருடமாகச் சொல்லிவரும் பதிலைச் சொல்வாள். "நான் பாடலம்மா. ஆண்டவர் பாடினார்."

ஊரும் சபையும் அவளைக் குயிலம்மா என்றே கூப்பிட்டன. கூடப்பிறந்த அக்காவுக்கு மட்டும் அவள் சின்னு. அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது, அக்காவுக்கு அறுபத்துமூன்று.

அக்கா அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவள். நால்வர் குழு பிறந்ததும் அங்கேதான், ஆறாவது வார்டுக்கு வெளியே இருந்த தாழ்வாரத்தில். அக்காவுக்குச் சாப்பாடு கொண்டுபோன தங்கை, வார்டுக்கு ரொட்டி சப்ளை செய்த பேக்கரிக்காரி கேக்கம்மா, படுத்த படுக்கையாகக் கிடந்த தன் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்த பள்ளிக்கூட டீச்சர். காலை ஜெபத்துக்கு அக்கா ஒரு பாட்டை முணுமுணுக்க, மற்ற மூவரும் அவரவர் நின்ற இடத்திலிருந்தே சேர்ந்துகொண்டார்கள். பாடி முடித்ததும் உள்ளேயிருந்து ஒரு நோயாளி, "ஏன் நிறுத்திட்டீங்க? காசு ஏதும் போடணுமா?" என்று கேட்டாராம். அன்று சிரித்த சிரிப்பில் சேர்ந்தவர்கள்தான், முப்பத்தைந்து வருடமாகப் பிரியவில்லை. டீச்சர் பாட்டு எழுதுவார். தங்கை மேல்குரல், கேக்கம்மாவும் டீச்சரும் நடுக்குரல். கீழ்க்குரலுக்கு ஆள் இல்லையே என்று அக்கா கீழே இறங்கினாள். அதன் பிறகு அவளை யாரும் மேலே கூப்பிடவில்லை.

ஆண்கள் பாடகர் குழுவின் தலைவருக்கு அது பொறுக்கவில்லை. "ஆம்பளைக் குரல் இல்லாம ஒரு குழுவா? அஸ்திவாரமே இல்லாம வீடு கட்டற மாதிரி இருக்கு" என்றார். டீச்சர் சாக்பீஸ் வீசுகிற வேகத்தில் பதில் சொன்னார்: "எங்க வீட்டுக்கு அஸ்திவாரம் நர்ஸம்மா. உங்க வீட்டைப் போய்ப் பாருங்க, விரிசல் விட்டிருக்கு." சிறைச்சாலை, முதியோர் இல்லம், கல்யாணம், சாவு என்று எங்கே கூப்பிட்டாலும் பேக்கரி வேனில் ரொட்டித் தட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து போனார்கள். போய் இறங்கினால் உடையெல்லாம் மாவாக இருக்கும். பாட்டுக்கு முன்னால் வாசனை வந்துவிடும் என்று ஊரில் கேலி பேசினார்கள்.

அந்தக் குழுவின் பெயரை நிலைநிறுத்தியது ஒரே ஒரு கேசட். அதைப் பதிவு செய்ய இரண்டு நாளுக்கு ஒலிப்பதிவுக் கூடத்தைப் பிடித்திருந்தார்கள். முதல் நாளே சின்னவளுக்குக் காய்ச்சல் நூற்று மூன்று. முதல் இரண்டு சரணம் பாடிவிட்டாள். மூன்றாவதில் தொண்டை அடைத்துக்கொண்டது. விடாமல் திரும்பத் திரும்பப் பாடியது நினைவிருக்கிறது. கண் இருட்டியது நினைவிருக்கிறது. அக்கா ஊசி போட்டுப் படுக்கவைத்தாள். இரண்டு நாள் கழித்துத்தான் எழுந்தாள். கேசட் வந்து சபையில் போட்டுக் கேட்டபோது, மூன்றாவது சரணம் வானத்தைக் கிழித்துக்கொண்டு போனது. "கரை தெரியவில்லை, உம் கை தெரிகிறது" என்ற வரியில் குரல் ஏறி, நின்று, நடுங்கி, அப்படியே பூப்போல இறங்கியது. அவளுக்கு அப்படிப் பாடிய ஞாபகமே இல்லை. அந்த இடத்திலேயே எழுந்து நின்று அழுதுகொண்டே சாட்சி சொன்னாள்: "காய்ச்சல்ல நான் விழுந்துட்டேன். எனக்குள்ள இருந்து வேற யாரோ பாடியிருக்காங்க."

அந்தச் சாட்சியை அவள் எத்தனை சபைகளில் சொன்னாள் என்பதற்குக் கணக்கே கிடையாது.

குழுவின் முப்பத்தைந்தாவது வருட ஆராதனை ஞாயிற்றுக்கிழமை நடக்க இருந்தது. அதற்கு முந்தின வியாழக்கிழமை காலை, போதகரின் மருமகள் அவளை வரச்சொல்லியிருந்தாள். மருமகளுக்கு நாற்பது வயது, வெளியூரிலிருந்து இங்கே குடிவந்து சில மாதம்தான்; குயிலம்மாவின் சாட்சி இன்னும் அவள் காதுக்கு எட்டியிருக்கவில்லை. பழைய ஒலிநாடாக்களைச் சுத்தம் செய்து கணினிக்கு மாற்றுவதில் கெட்டிக்காரி. மருந்துக்கடைக்கு மேலே மாடியில் அவளுடைய பதிவுக் கூடம். அந்தக் காலத்தில் கேசட்டைப் பதிவு செய்த மனிதர் சமீபத்தில் இறந்துபோக, அவருடைய மகள் பரணிலிருந்த பெரிய நாடாச் சுருள்களை மூட்டையாகக் கட்டிக் கொடுத்திருந்தாள். அப்படிச் சுருள்கள் இருப்பதே அதுவரை யாருக்கும் தெரியாது.

குயிலம்மா செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனாள். சுவர் முழுக்கச் சத்தத்தை உறிஞ்சும் கறுப்புப் பஞ்சு.

"வாங்க ஆன்ட்டி, உட்காருங்க. இந்தச் சுருள்ல ஒவ்வொருத்தர் குரலும் தனித்தனித் தடத்துல இருக்கு. சும்மா சொல்லக் கூடாது, நாலு பேரும் என்னமா பாடியிருக்கீங்க! அதுவும் பெரிய ஆன்ட்டி அந்த மூணாவது சரணத்துல..."

"பெரிய ஆன்ட்டி கீழ்க்குரல்மா. மேல பாடறது நான்."

"மத்ததெல்லாம் நீங்கதான் ஆன்ட்டி. நான் மூணாவது சரணத்தைச் சொல்றேன்."

அவள் சிரித்தாள். "அதைத்தாம்மா நானும் சொல்றேன்."

மருமகள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள். "நான்தான் குழப்பிட்டேன் போல. இருங்க, டீ சொல்றேன்."

"டீ கிடக்கட்டும். அதைப் போடு, கேப்போம்."

"ஆன்ட்டி..."

"போடும்மா."

முதலில் இரைச்சல். பிறகு சளி கட்டிய ஆண்குரல் ஒன்று, அலுவலகத்தில் கோப்புக்குப் பெயர் வைப்பதுபோலச் சொன்னது: "ரெண்டாம் நாள். உடைந்த படகு. மூணாவது சரணம் மட்டும். தங்கச்சிக்குப் பதிலா அக்கா, தனியா."

"ஒரு நிமிஷம் சார், தண்ணி குடிச்சுக்கறேன்." அது அக்கா. சந்தேகமே இல்லை. பின்னால் கேக்கம்மா எதற்கோ கிளுகிளுவென்று சிரிப்பதும், டீச்சர் "ஷ்ஷ், சத்தம் வரக் கூடாது" என்று அதட்டுவதும் கேட்டன. அப்புறம் மூச்சு இழுக்கும் ஓசை. அப்புறம் அந்தச் சரணம்.

வாத்தியம் இல்லாமல், பக்கக் குரல் இல்லாமல், வெறும் தொண்டையாக அது ஏறியது. நின்றது. நடுங்கியது. இறங்கியது.

அவளுக்குக் காதுமடல் இரண்டும் ஐஸ் வைத்ததுபோல ஆகிவிட்டது. கையைப் பார்த்தாள், அது மடியில் யாருடைய கையோபோலக் கிடந்தது. "இன்னொரு தடவை" என்றாள். மருமகள் போட்டாள். "இன்னொரு தடவை." மூன்றாவது முறையும் அந்த மனிதர் அதே சளிக்குரலில் அதையேதான் சொன்னார்.

"நான் பாடினது இருக்கா? முதல் நாள்?"

"இருக்கு ஆன்ட்டி. அது வேணாமே."

"போடு."

அவளுடைய சொந்தக் குரல் அறைக்குள் வந்தது. ஏறப் பார்த்து, பாதியில் உடைந்து, இருமி, மறுபடி ஏறி, மறுபடி உடைந்தது. பதினோரு முறை. பதினோராவது முறை சொல்லே வரவில்லை. பழைய கதவு திறப்பதுபோல ஒரு சத்தம் மட்டும். பிறகு மெதுவாக, "முடியல அக்கா." அதோடு அந்தத் தடம் காலி.

அவள் எழுந்தாள். என்ன சொன்னாள், எப்படி இறங்கினாள் என்று பிறகு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. இரண்டு தெரு தாண்டி, எதிரே வந்த ஒரு பெண் உற்றுப் பார்த்த பிறகுதான் குனிந்து பார்த்தாள். ஒரு காலில் தன் செருப்பு. மறுகாலில் மருமகளுடைய செருப்பு.

அப்படியே பேக்கரிக்குள் நுழைந்தாள்.

கேக்கம்மா மேஜைமேல் குனிந்து, கிரீம் கூம்பைப் பிழிந்து ஒரு கேக்கின்மேல் யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து எழுதிக்கொண்டிருந்தாள். "வாடி குயிலு, ஞாயித்துக்கிழமைக்கு மூணடுக்கு..."

"கேசட் பதிவு பண்ணின ரெண்டாம் நாள் நீங்கல்லாம் எங்க இருந்தீங்க?"

கிரீம் கோடு வாழ்த்தைவிட்டு விலகி, கேக்கின் ஓரத்தைத் தாண்டி மேஜைவரை வந்து நின்றது. கேக்கம்மா நிமிரவில்லை.

"யாருடி சொன்னா உனக்கு?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். எந்த ரெண்டாம் நாள் என்று கேட்டிருக்கலாம். மாடியிலிருந்து இறங்கியது முதல் அவள் மனதுக்குள் ஒரு மூலையில் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். யாருடி சொன்னா என்ற ஒரே கேள்வியில் அந்த மூலையும் இடிந்தது.

"டீச்சருக்கும் தெரியுமா?"

"தெரியும்."

"முப்பத்தோரு வருஷமா மூணு பேருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது."

"அடியே, சொல்லக் கூடாதுன்னு யாரும் நினைக்கல. கூடத்தை விட்டா மறுபடி கிடைக்காது, நீ நினைவில்லாம கிடக்கறே. உன் குரலும் அவ குரலும் ஒண்ணுபோல இருக்கு. பாடிக் குடுத்துட்டு, ஆராதனை முடிஞ்சதும் உன்கிட்ட சொல்லிச் சிரிக்கலாம்னுதான் இருந்தோம். அதுக்குள்ள நீ எந்திரிச்சு அழுது சாட்சி சொல்லிட்டே. சபையே அழுதுச்சு. அப்புறம் எங்கே போய் வாயைத் திறக்கறது?"

கேக்கம்மா கூம்பைக் கீழே வைத்துவிட்டு அழத்தொடங்கினாள். ஆறுதல் சொல்லவும் குயிலம்மாவுக்குத் தோன்றவில்லை, திட்டவும் தோன்றவில்லை. கிரீமில் பாதி எழுதியிருந்த பெயரைப் படித்தாள். பிறகு வெளியே வந்தாள்.

அக்கா வீட்டுக் கதவு எப்போதும்போலச் சாத்தாமல் இருந்தது. அக்கா சாப்பாட்டு மேஜையில் அந்த வாரத்து மாத்திரைகளைக் கிழமை போட்ட டப்பாவில் பிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் தைராய்டு கட்டிக்காகக் கழுத்தில் அறுவைச் சிகிச்சை நடந்தது. கட்டி போனது, கூடவே குரலும் போனது. அன்றிலிருந்து அவள் பேசினால் தாளோடு தாள் உரசுவதுபோலத்தான் இருக்கும். பாடுவது அடியோடு நின்றுவிட்டது. கச்சேரிக்குக் கூடவே வருவாள், நாற்காலியில் உட்கார்ந்து தொடையில் தாளம் மட்டும் போடுவாள்.

"என்னடி, செருப்பு மாறியிருக்கு?" என்றாள் அக்கா.

"நாடா கிடைச்சிருக்கு. ரெண்டாம் நாள் நாடா."

அக்காவின் கையிலிருந்த மாத்திரை வியாழனுக்குப் பதில் வெள்ளியில் விழுந்தது. அதை எடுத்துச் சரியான கட்டத்தில் போட்டாள். டப்பாவை மூடினாள்.

"கேட்டியா?"

"மூணு தடவை."

"நல்லாப் பாடியிருக்கேனா?"

இப்படி ஒரு கேள்வியை அவள் எதிர்பார்க்கவே இல்லை. தொண்டைவரை வந்து நின்றதெல்லாம் அப்போதுதான் வெடித்தது.

"அக்கா, நான் முப்பது வருஷமா ஆண்டவரோட சண்டை போட்டேன் தெரியுமா? மேடையில ஒரு தடவைகூட எனக்கு அது வரல. ரெண்டு கட்டை சுருதி இறக்கிப் பாடிட்டு, அது அந்த ஒரு நாளைக்குக் குடுத்த வரம்னு ஊரை நம்பவெச்சேன். வீட்டுல முழங்கால்ல நின்னு, ஒரே ஒரு தடவை திருப்பிக் குடுங்கன்னு கெஞ்சியிருக்கேன். என்ன பாவம் பண்ணினேன், ஏன் எடுத்துக்கிட்டீங்கன்னு கேட்டு அழுதிருக்கேன். நீ பக்கத்துல உக்காந்து என் முதுகைத் தடவிக் குடுத்தியே! எடுத்துக்கறதுக்கு அது என்கிட்ட இருக்கவே இல்லையேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அக்கா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். அந்த உரசல் குரலில், ஒவ்வொரு சொல்லாகப் பேசினாள்.

"நீ சாட்சி சொன்ன அன்னிக்கு ஒருத்தி வந்தா. கைக்குழந்தையை அடக்கம் பண்ணிட்டு நேரா வந்தவ. உன் கையைப் பிடிச்சுக்கிட்டு, விழுந்தவளுக்குள்ள இருந்தும் பாட்டு வருமான்னு கேட்டா. வரும்னு நீ சொன்னே. அவளைத் தாண்டி வந்து நான் என்னத்தைச் சொல்றது? அடுத்த வாரம் சொல்லலாம்னு நினைச்சேன். அடுத்த வாரம் வேற ஒருத்தி."

"அது மட்டும்தானா?"

"இல்ல." அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "எனக்குப் பிடிச்சிருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன். எல்லாரும் உன்னைச் சுத்தி நின்னு புகழும்போது, பின்னால நின்னுக்கிட்டு, அது நான்தான்டானு உள்ளுக்குள்ள சொல்லிப்பேன். ரகசியமா மிட்டாய் சாப்பிடற மாதிரி. சில நாள் கசக்கும். இப்ப தொண்டையும் போச்சு. அந்த நாடாவை விட்டா நான் பாடினேன்னு சொல்ல எனக்கே எதுவும் இல்ல."

அக்கா டப்பாவை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

"நானும் ஒண்ணு கேக்கறேன், சின்னு. உன் குரல் உனக்குத் தெரியாதா? ஒரு நாள்கூட உனக்குச் சந்தேகம் வரலையா?"

அவள் வாயைத் திறந்தாள். வரவில்லை என்று சொல்லத்தான் திறந்தாள். ஆனால் அந்தச் சொல் வெளியே வர மறுத்தது. முப்பத்தோரு வருடத்தில் அந்தக் கேசட்டை அவள் தனியாக இருக்கும்போது ஒரு முறைகூடப் போட்டதில்லை. சபையில் கேட்டிருக்கிறாள், கடைகளில் கேட்டிருக்கிறாள். வீட்டில் புருஷன் போட்டால், மூன்றாவது சரணம் வருவதற்குள் சமையலறைக்கு எழுந்து போய்விடுவாள். தன்னடக்கம் என்று அவர் நினைத்தார். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். காலையிலிருந்து வாங்கிய அடிகளில் இதுதான் பெரிய அடியாக இருந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"தெரியல அக்கா" என்றாள். "எனக்குத் தெரியல."

ஞாயிற்றுக்கிழமை சபையில் உட்கார இடமில்லை. வெளியூர்க்காரர்கள்கூட வந்திருந்தார்கள். வாசலில் குழுவின் வரலாறு என்று ஒரு சிறு புத்தகம் விநியோகித்தார்கள். நடுப்பக்கத்தில் "காய்ச்சலில் நடந்த அற்புதம்" என்று பெரிய எழுத்தில் தலைப்பு. குயிலம்மா அதை வாங்கி, மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். நாடாவைச் சபையில் போட வேண்டும் என்று மருமகளிடம் முந்தின நாளே சொல்லிவைத்திருந்தாள்.

"மாமாவுக்குத் தெரிஞ்சா என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவார் ஆன்ட்டி" என்றாள் மருமகள்.

"உங்க மாமாவுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். நீ நாடாவைக் கொண்டு வா."

அக்காவிடம் மட்டும் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் தடுப்பாள் என்று தெரியும்.

வயதான போதகர், கண்ணில் நீர் துளிர்க்க, "நம்ம குயிலம்மா இப்ப அந்தச் சாட்சியை நமக்குச் சொல்லுவாங்க" என்று அழைத்தார். அவள் மைக்கின் முன்னால் போய் நின்றாள். முன்வரிசையில் அக்கா, கேக்கம்மா, டீச்சர். மூன்றாவது வரிசையில் லாரிக்காரர். அந்தச் சரணத்தைக் கேட்டுக் குடியை விட்டவர், இருபது வருடமாக அதைச் சொல்லிக்கொண்டிருப்பவர்.

"மூணாவது சரணத்தை நான் பாடல" என்று ஆரம்பித்தாள்.

"ஆமென்" என்று பழக்கதோஷத்தில் நாலைந்து பேர் சொன்னார்கள்.

"இருங்க. ஆமென் சொல்லாதீங்க. நான் பாடல, எனக்குள்ள இருந்து யாரும் பாடவும் இல்ல. மறுநாள் எங்க அக்கா பாடினா. எனக்கே இந்த வியாழக்கிழமைதான் தெரியும். முப்பத்தோரு வருஷமா உங்ககிட்ட நான் சொன்னது நடக்கவே இல்ல."

யாரோ கையிலிருந்த புத்தகத்தைத் தவறவிட்டார்கள். அந்தச் சத்தம் சபை முழுக்கக் கேட்டது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். போதகர் வேகமாக முன்னால் வந்து, "சகோதரி கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டு..." என்று தொடங்கினார்.

"பாஸ்டர், நான் நிதானமாத்தான் இருக்கேன். இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் நிதானமா இருக்கேன்." அவள் மருமகளைப் பார்த்துத் தலையசைத்தாள்.

சளிக்குரல் ஆண் சபையின் நான்கு மூலையிலிருந்தும் பேசினார். ரெண்டாம் நாள். தங்கச்சிக்குப் பதிலா அக்கா, தனியா. அப்புறம் அந்தச் சரணம். இத்தனை நாள் கண்ணை மூடிக் கேட்ட பாட்டை எல்லோரும் கண்ணைத் திறந்து கேட்டார்கள். அது முடிந்ததும் பின்வரிசைப் பெரியவர் ஒருவர் எழுந்து, தொப்பியை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியேறினார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். "அப்ப அற்புதமே இல்லையா?" என்று ஒரு பெண் சத்தமாகவே கேட்டாள்.

அக்கா எழுந்தாள். நேராக மேடைக்கு வந்து, தங்கையின் கையைத் தட்டிவிட்டு மைக்கைப் பிடித்தாள். கோபத்தில் கழுத்துத் தழும்பு சிவந்திருந்தது. பாட்டு நின்றுபோன அந்தத் தொண்டை ஒலிபெருக்கியில் பேசியபோது முன்வரிசைக் குழந்தை பயந்து அழுதது.

"இவ பாதியைத்தான் சொல்றா. நான் பாடினது உண்மை. நாங்க மூணு பேரும் மறைச்சது உண்மை. அதுக்கு என்னை ஏசுங்க, இவளை இல்ல. ஆனா முதல் நாள் இவ பதினோரு தடவை பாடினா. நான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு பார்த்தேன். நர்ஸா அவளை நான் நிறுத்தியிருக்கணும், நிறுத்தல. உதட்டுல ரத்தம் வந்துச்சு, அப்பவும் பாடினா. மறுநாள் அவளை நினைச்சுக்கிட்டு அவளை மாதிரியே பாடினேன். அதுக்கு முந்தியும் எனக்கு அப்படி வரல, அப்புறமும் வரல. அது என்னன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி இனி யாரும் சாட்சி சொல்ல வேண்டாம்."

அத்தனையையும் பேசி முடித்ததும் அவளுக்கு மூச்சு வாங்கியது. தங்கை தாங்கப் போனாள். அக்கா அவள் கையை உதறிவிட்டுத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.

ஆராதனை எப்படியோ முடிந்தது. மூன்றடுக்கு கேக்கைத் தொட ஆளில்லை. வாசலில் லாரிக்காரர் அவளுக்காகக் காத்துக்கொண்டு நின்றார். பெரிய ஆள், கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

"எங்க போனாலும் உங்க பேரைத்தான் சொல்லுவேன் சிஸ்டர். குயிலம்மாவுக்குள்ள இருந்து ஆண்டவர் பாடினார், அதான் நான் விட்டேன்னு. இனிமே நான் என்ன சொல்றது?"

"எனக்கும் அதேதான் தெரியலண்ணே."

அவர் சட்டைப் பொத்தானை விட்டார். "குடிக்க மாட்டேன்" என்றார் கடைசியில், யாரோ கேட்டதுபோல. "அது வேற. ஆனா வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் படுக்கணும்." போய்விட்டார்.

அதற்கடுத்த வாரங்கள் நல்லபடியாகப் போகவில்லை. போதகர் புத்தகத்தின் நடுப்பக்கத்தின்மேல் வெள்ளைத்தாள் ஒட்டச் சொன்னார். ஒட்டும் தாளில் என்ன அச்சடிப்பதென்று சபைக் குழு இரண்டு முறை கூடியும் முடிவாகவில்லை. நிச்சயமாகியிருந்த இரண்டு நிகழ்ச்சிகளை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கடைத்தெருவில் பழைய மாணவன் ஒருவனே டீச்சரைப் பார்த்து, "பொய் சொல்லக் கூடாதுன்னு எங்களைப் பெஞ்சு மேல ஏத்துவீங்களே" என்று கேட்க, அவர் இரண்டு வாரம் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. அக்கா தங்கையோடு பேசவில்லை. என்னைக் கேட்காமல் என் குரலை எடுத்து ஊர் நடுவில் வைத்துவிட்டாள் என்று கேக்கம்மாவிடம் சொன்னாளாம். அது கேக்கம்மா மூலம் வந்து சேர்ந்தபோது, தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தவள் மிதிப்பதை நிறுத்தினாள். ஏனென்றால் அது நியாயம். நாடாவைப் போட வேண்டும் என்று தோன்றிய நிமிடத்திலிருந்து, அக்காவிடம் கேட்க வேண்டும் என்று மட்டும் ஒரு முறைகூடத் தோன்றவில்லை.

அன்று சாயங்காலமே போய்க் கதவருகே நின்றாள். உள்ளே போகவில்லை.

"உன்னைக் கேட்டிருக்கணும்."

"கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேன்."

"அதனாலதான் கேக்கல. அதுதான் தப்பு."

அக்கா அடுப்படிக்குப் போனாள். இரண்டு கோப்பை டீயோடு திரும்பி வந்தாள்.

ஆறாவது வார்டிலிருந்து மட்டும் யாரும் வேண்டாம் என்று சொல்லியனுப்பவில்லை. அங்கே படுத்திருந்தவர்களுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. மாதத்தின் முதல் சனிக்கிழமை நால்வரும் வழக்கம்போல வேனில் போய் இறங்கினார்கள். டீச்சர் யாரோடும் பேசாமல் தாழ்வாரத்தில் தன் இடத்தில் போய் நின்றார். கேக்கம்மா மூக்கைச் சிந்தினாள். அக்காவுக்கு நாற்காலி போட்டார்கள்.

'உடைந்த படகு' வேண்டாம் என்றுதான் சின்னவள் நினைத்திருந்தாள். கட்டிலில் கிடந்த ஒரு பெண் அதைத்தான் கேட்டாள். சின்னவள் மற்ற மூவரையும் திரும்பிப் பார்த்தாள். யாரும் முகம் கொடுக்கவில்லை. அக்கா தொடையில் தாளத்தை ஆரம்பித்துவிட்டாள்.

இரண்டு சரணம் போனது. மூன்றாவது வந்தது. இத்தனை வருடமும் அந்த இடத்தில் வராத ஒன்றுக்காகக் காத்து நின்று, பயந்து, ஏமாந்து பாடியவள், இந்த முறை எதற்கும் காத்திருக்கவில்லை. இரண்டு கட்டை இறக்கி, தன் ஐம்பத்தெட்டு வயதுத் தொண்டையில் என்ன இருந்ததோ அதை வைத்துப் பாடினாள். சாதாரணமாகத்தான் இருந்தது. ஓர் இடத்தில் குரல் கரகரத்தது.

நாற்காலியிலிருந்து அக்கா அவளுடைய முழங்கையைக் கிள்ளினாள்.

"சுருதி இறங்குதுடி" என்று உரசல் குரலில் சீறினாள். "ஏத்து."

"அவ்வளவுதான் வரும்" என்று இரண்டு வரிக்கு நடுவே மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள் தங்கை. அடுத்த வரியைப் பிடித்தாள்.